வெள்ளைப் பூ வந்தால் மெட்ராஸ்

காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அரியலூர் போய்ச் சாமான் வாங்கலாம், செந்துறை போய் சினிமாகூடப் பார்க்கலாம். பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். தீமிதி முடிந்து காப்பை அவிழ்க்கிற வரைக்கும் இதுதான் சட்டம். இதில் மாரியம்மனுக்கு அப்படி என்ன லாபம் என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. ஆண்டாயியும் கேட்டதில்லை, மகளுடைய ஓட்டப்பந்தயம் அதே வாரத்தில் வந்து விழுகிற வரைக்கும்.

மகள் பெயர் வேம்பு. செந்துறைப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தாள். எண்ணூறு மீட்டர் ஓடுவாள். பொட்டப்பிள்ளை எதற்காக அவ்வளவு தூரம் ஓட வேண்டும், யார் துரத்துகிறார்கள் என்றுதான் ஆண்டாயியும் முதலில் கேட்டாள். அப்புறம் ஒருநாள், அரியலூர் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனவள், மைதானத்துச் சத்தம் கேட்டு வேலியோரம் நின்றாள். பெரம்பலூரிலிருந்து வந்திருந்த ஒரு நெட்டைப் பெண் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் அவளை ஒரு கறுத்த ஒல்லிப் பெண் தாண்டினாள். தாண்டும்போது அந்த ஒல்லி சிரித்தது. வீட்டில் நாள் முழுக்க வாயைத் திறக்காத தன் மகள்தான் அது என்று புரிய ஆண்டாயிக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு, "வுடாதடி, ஓடு!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற வாத்தியார்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதனால்தான் ஆடி மாதம் திருச்சியில் மாவட்டப் போட்டி, சனி ஞாயிறு இரண்டு நாள், சனிக்கிழமை இரவு அங்கேயே தங்க வேண்டும் என்று வேம்பு சொன்னபோது ஆண்டாயிக்கு வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. காப்புக் கட்டி நான்கு நாள்கூட ஆகியிருக்கவில்லை. அதிலும் இந்த வருஷம் வீட்டுக்காரன் ராசாங்கமே தீமிதிக்கக் காப்புக் கட்டியிருந்தான். சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சரிந்தபோது மயிரிழையில் தப்பித்தவன், அதற்கான வேண்டுதல். விரதக்காரர்கள் கோயிலில்தான் படுக்க வேண்டும். சாப்பாடும் அங்கேதான். ஆண்டாயிக்கு அது வசதியாகப் போயிற்று. இப்படி வசதியாகப் போகிற காரியங்களில்தான் மனுஷர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேம்பு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாள். வீட்டுவிலக்காக இருக்கிறாள் என்று சொன்னால் போதும். திருவிழா நேரத்தில் விலக்கான பெண்ணைப் பற்றி ஒருத்தரும் மேலே பேசமாட்டார்கள். கொல்லைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அப்படியே பக்கத்து வீட்டு மருதாயியிடம் சொன்னாள். கோயிலில் புருஷனிடமும் சொன்னாள். ராசாங்கம் தலையை ஆட்டிவிட்டு நாலு அடி தள்ளி நின்றான். மஞ்சள் துணியில், சாமிக்கு முன்னால் நிற்கிற மனுஷனிடம் பொய் சொல்லிவிட்டு வந்த ஆண்டாயிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு வேம்பு போனாள். செந்துறையில் பி.டி. சாரும் ஒரு டீச்சரும் மற்றப் பெண்களோடு காத்திருப்பார்கள். எல்லைக்கல்லைத் தாண்டும்போது மகள் ஒரு தரம் நின்று திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஆண்டாயி, "போ போ" என்று கையை வீசினாள்.

அன்றைக்குச் சாயந்திரம் சின்னவன் பழனிவேலுக்கு உடம்பு கொதித்தது. ஐந்து வயது. வேம்புக்குப் பின் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், அப்புறம் பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகு, வயிறு, கழுத்து எல்லாம் முத்து முத்தாகக் கிளம்பியிருந்தது. அம்மை.

ஆண்டாயிக்கு உடனே புரிந்துவிட்டது. யாரும் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லையைத் தாண்டி அனுப்பினாய், விலக்கு என்று என் வாசலிலேயே பொய் சொன்னாய், வந்துவிட்டேன் பார் என்கிறாள் ஆத்தா. வேறென்ன அர்த்தம்? மருதாயி வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகினாள். "ஆத்தா எறங்கியிருக்கா, நல்லதுதான், தாளிக்காத, தலை சீவாத" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு ஆள் அனுப்பினாள்.

மத்தியானம் ராசாங்கம் வந்தான். காப்புக் கட்டிய உடம்போடு உள்ளே வராமல் வாசலுக்கு வெளியே நின்றான். பையன் வேப்பிலைப் படுக்கையில் புரண்டு, "அக்கா எங்க, அக்கா வரச் சொல்லு" என்று பினாத்திக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அதே பாட்டு. ராசாங்கம் வெளியிலிருந்தே கேட்டான்.

"வேம்ப இங்க அண்ட வுடாத புள்ள. அவளுக்கும் வந்துரப் போவுது. கொல்லையிலதான இருக்கா?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த அக்கறையைத் தாங்க முடியவில்லை. ஆண்டாயி தலையில் அடித்துக்கொண்டு வாசற்படியில் விழுந்தாள்.

"அவ கொல்லையில இல்லீங்க! திருச்சிக்குப் போயிருக்கா. ஓடறதுக்குப் போயிருக்கா. நான்தான் அனுப்பினேன். தாயே, மாரியாத்தா, தெரியாத்தனமா பண்ணிட்டேன். இனிமே அவள ஓட வுடமாட்டேன். இந்த ஜென்மத்துல அவ ஓட மாட்டா. என் புள்ளய மட்டும் வுட்டுடு!"

ராசாங்கம் கையில் இருந்த மஞ்சள் கயிற்றைத் தடவிக்கொண்டே நின்றான். அப்புறம், "சரி, சொல்லிட்ட. ஆத்தா கேட்டுட்டா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனான்.

சாயந்திர பஸ்ஸில் வேம்பு வந்தாள். தெருமுனையிலேயே வாசல் வேப்பிலை கண்ணில் பட்டுவிட்டது. வெளியூர் போய் வந்தவள் அம்மை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். சுற்றிக்கொண்டு போய்க் கொல்லையில் ஆட்டுப்பட்டி ஓரம் உட்கார்ந்தாள். மடியில் ஒரு சர்ட்டிபிகேட்டும் எவர்சில்வர் கிண்ணமும் இருந்தன. ஆண்டாயி கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. கேட்டால் எங்கே சந்தோஷப்பட்டுவிடுவோமோ என்று பயம். கஞ்சியைத் தூரமாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆத்தா கருணை வைத்தாள். முத்து வாடியது. தீமிதியும் நல்லபடியாக முடிந்தது. ராசாங்கம் கால் கொப்புளிக்காமல் இறங்கி வந்தான். பையனுக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். வேம்பு வீட்டுக்குள் வந்தாள். தம்பி கேட்டதையெல்லாம் செய்தாள், கேட்காததையும் செய்தாள். அவனைக் கீழே இறக்கிவிடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.

இனி ஓடவிடமாட்டேன் என்று அம்மா ஆத்தாளிடம் சொன்ன விஷயம் அவளுக்கும் தெரியும். மருதாயி இருக்கிற தெருவில் எது தெரியாமல் இருக்கும்? தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அழவில்லை. ஆண்டாயியை அதுதான் அறுத்தது. ஆடு நேர்ந்துகொள்ளலாம், கோழி நேர்ந்துகொள்ளலாம், தன் தலைமுடியைத் தருகிறேன் என்று சொல்லலாம். மகளுடைய காலை எடுத்துக் கொடுக்க இவளுக்கு யார் உரிமை தந்தது? சாமிக்குத் துரோகம் செய்தது போதாது என்று மகளுக்கும் செய்தாயிற்று. பாத்திரம் விளக்கும்போது இதையே நினைத்துக்கொண்டு ஒரே சட்டியைப் பத்து தடவை தேய்த்தாள்.

இந்த நேரத்தில்தான் பி.டி. சார் வேணுகோபால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"திருச்சியில இவ ஓடின ஓட்டத்தப் பாத்து எல்லாரும் அசந்துட்டாங்கம்மா. மாநிலப் போட்டிக்கு எடுத்துருக்காங்க. மெட்ராஸ். அங்க நல்லா ஓடிட்டான்னா விளையாட்டு விடுதியில சேத்துக்குவாங்க. சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு. சனிக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லிடுங்க."

ஆண்டாயி அவருக்கு மோர் கொடுத்தாள். பதில் கொடுக்கவில்லை. மெட்ராஸ் இல்லை என்றால் என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருமானூரில் ஆண்டாயியின் தம்பி தங்கராசு காத்திருந்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தித் தை மாதம் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தான். தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் அவன் வீட்டில் பெண்கள் தண்ணீர் எடுக்கக்கூட வேகமாக நடக்கக் கூடாது.

சார் போனபிறகு ராசாங்கம்தான் பேச்சை எடுத்தான்.

"நீ சொன்ன சொல்ல நான் மீறச் சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான். ஆனா அந்தப் புள்ள மொவத்தப் பாத்தா ஒரு மாதிரியா இருக்கு. ஆத்தாளயே கேட்டுருவோம். வெள்ளிக்கிழம பூக்கட்டிப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா மெட்ராஸ். செவப்பு வந்தா தை மாசம் தங்கராசுக்குக் கொடுத்துருவோம். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் பேசக் கூடாது."

இது நியாயமான வழி. ஊரில் பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை இப்படித்தான் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக வாழை இலையில் மடித்து ஒரே மாதிரி நார் கட்டி, சாமி காலடியில் வைக்க வேண்டும். சின்னப் பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்கும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு.

வெள்ளிக்கிழமை காலை ஆண்டாயி பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். வெள்ளையை எடுத்து ஒன்றைக் கட்டினாள். செவ்வரளியைக் கையில் எடுத்தாள். பெரம்பலூர்க்காரியைத் தாண்டும்போது மகள் சிரித்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. செவ்வரளியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு வெள்ளையை எடுத்து மடித்தாள். நார் இரண்டு தரம் அறுந்தது. புருஷனை ஏமாற்றியாயிற்று, தெருவை ஏமாற்றியாயிற்று, இப்போது ஆத்தாளையே ஏமாற்றுகிறோம், இதற்கு மேல் போக இடம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தட்டில் இரண்டையும் வைத்து, பக்கத்தில் சூடமும் வெற்றிலையும் வைத்து மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். கோயிலில் ஒன்றைப் பிரித்தபிறகு மற்றதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தானே எடுத்து மடியில் சொருகிக்கொண்டு வந்துவிடலாம் என்று திட்டம்.

தெருக் கோயிலில் கூட்டம் இல்லை. பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி ஆத்தா காலடியில் போட்டு, சூடம் காட்டினார். பழனிவேல் போய்க் குனிந்து ஒன்றை எடுத்தான். பூசாரி நாரை அறுத்து இலையை விரித்தார்.

சிவப்பு.

ஆண்டாயிக்குக் காது அடைத்துக்கொண்டது. பூசாரி ஏதோ சொன்னார். "சரி, உத்தரவு ஆயிடுச்சு" என்று ராசாங்கம் சொன்னது எங்கேயோ கேட்டது. அவன் முகத்தில் நிம்மதியும் இருந்தது, வருத்தமும் இருந்தது. பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு பூசாரியோடு பேசியபடி நின்றான். ஆண்டாயி ஆத்தா காலடியில் கிடந்த மற்றப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடிக்குப் போனாள். பிரித்தாள். அதுவும் சிவப்பு.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே வேம்பு வந்து நின்றாள்.

"நான் ரெண்டுலயும் வெள்ளதான்டி வெச்சேன்" என்றாள் ஆண்டாயி. "என் கையால வெச்சேன். ஆத்தா ரெண்டயும் மாத்திட்டா. என்னய வுடமாட்டா. இவ்ளோ பெரிய பாவியா நானு?"

"ஆத்தா மாத்தலம்மா."

"என்ன?"

"நான்தான் மாத்தினேன். நீ குளிக்கப் போனப்ப பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் வெள்ளயா இருந்துச்சு. எடுத்துட்டு ரெண்டுலயும் செவப்பு வெச்சுட்டேன்."

ஆண்டாயி வாயைப் பிளந்தபடி மகளைப் பார்த்தாள். வேம்பு கீழே பார்த்துக்கொண்டே பேசினாள். மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் மளமளவென்று வந்தது.

"அன்னிக்கு நான் கெளம்பறப்ப தம்பிக்குப் போர்வைய இழுத்து வுட்டேன்ல, அப்பவே முதுகுல பாத்தேன். ரெண்டு மூணு கெளம்பியிருந்துச்சு. கொசுக்கடின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கொசுக்கடி இல்லன்னு தெரியும்மா. ஒங்கிட்டச் சொன்னா நீ போக வுடமாட்ட. அதான் போர்வைய மூடிட்டுப் போயிட்டேன். அங்க ஓடறப்பல்லாம் அந்த முதுகுதான் கண்ணு முன்னால. அத நெனைக்காம இருக்கத்தான் அப்படி ஓடினேன். அதனாலதான் ஜெயிச்சேன். நீ எனக்காவ ஆத்தாளயே ஏமாத்தற. நான் எந்த மொவத்த வெச்சுக்கிட்டு மெட்ராஸ் போவேன்?"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. சின்னவன் "அக்கா எங்க, அக்கா எங்க" என்று இரண்டு நாள் புரண்டது ஆண்டாயியின் கையில் இருந்தது. அடித்த பிறகுதான் மற்ற விஷயம் அவளுக்கு உறைத்தது. கிளம்பும்போதே முத்து இருந்ததா? அப்படியானால் இவள் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே ஆத்தா வந்துவிட்டாள். தண்டிக்க வரவில்லை. எல்லா வீட்டுக்கும் வருவதுபோல் வந்திருக்கிறாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியது. இறங்கிய பாரம் எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், இறங்கியதற்காகவே வெட்கமாக இருந்தது. பதினைந்து வயசுப் பெண், இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாள்?

மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு ஆண்டாயி அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு ராசாங்கம் வந்தான். தோளில் பையன்.

"இப்ப என்ன ஆயிப்போச்சுன்னு ரெண்டு பேரும் ஒப்பாரி வெக்கிறீங்க? ஆத்தா உத்தரவு. அவ்வளவுதான்."

இந்தத் தடவை ஆண்டாயி ஒளிக்கவில்லை. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு, முதுகில் கிளம்பிய முத்து, எல்லாவற்றையும் சொன்னாள். ராசாங்கம் பையனை இறக்கிவிட்டுப் புளிய வேரில் உட்கார்ந்தான். கோபித்துக்கொள்வதா சிரிப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை.

"அப்ப ஆத்தாகிட்ட யாருமே கேக்கல. தாயும் மவளுமா நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிக்கிட்டீங்க."

"ஆமாங்க."

"எந்திரிங்க. நானே ரெண்டு பூ பறிச்சு நானே கட்டறேன். திரும்பவும் வெச்சுப் பாத்துருவோம். இந்த வாட்டி ஒழுங்கா."

அவன் எழுந்தான். ஆண்டாயி எழவில்லை.

"வேணாங்க. செவப்பு வந்தாலும் நான் அனுப்பத்தான் போறேன். மனசுல அத வெச்சுக்கிட்டு ஆத்தாகிட்டப் போயி நின்னு கேக்கறேன் பாருங்க, அதான் ஏமாத்தறது. அத இன்னொரு வாட்டி பண்ண மாட்டேன்."

"நீ வாயால சொல்லிட்டியே புள்ள. இந்த ஜென்மத்துல ஓட மாட்டான்னு சொன்னியே. எங்காதால கேட்டேன்."

"சொன்னேன். என் வாயி, நான் சொன்னேன். அத மீறப் போறதும் நான்தான். கோவம் எம்மேல வரட்டும்."

"ஒம்மேல வந்தா சரி" என்றான் ராசாங்கம். குரல் இறங்கிப் போயிருந்தது. "இவன் மேல வந்தா?"

ஆண்டாயி பையனைப் பார்த்தாள். அவன் புளியங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். கழுத்திலும் நெற்றியிலும் வடு இன்னும் ஆறவில்லை. தைரியசாலி என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. அந்த நிமிஷம் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள்.

"வந்தா நான்தாங்க பாக்கணும். வேற யாரு பாப்பா? ஆனா இவள வெட்டி இவன வளக்கற கணக்கு எனக்கு வேணாம். ரெண்டும் நான் பெத்ததுதான்."

ராசாங்கம் குங்குமம் வைத்த நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு மகள் பக்கம் திரும்பினான். அவளிடம் நேராக ஒன்றைக் கேட்டு அவனுக்குப் பழக்கம் இல்லை.

"ஆத்தாள வுடு. ஒங்கம்மாள வுடு. நீ சொல்லு. ஒனக்குப் போவணுமா?"

தம்பி இரண்டு புளியங்காயைக் கொண்டுவந்து வேம்பு கையில் வைத்தான். போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவுக்குப் பயம் போகும், அம்மாவின் வாக்குக் காப்பாற்றப்படும், தங்கராசு மாமாவுக்குச் சந்தோஷம், இவளுக்கும் செய்த தப்புக்குக் கூலி கொடுத்தமாதிரி ஆகும். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"போறேன்ப்பா" என்றாள். இவ்வளவுக்குப் பிறகும் அது வேண்டியிருந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது. சொன்னபிறகு அப்பாவின் முகத்தையோ தம்பியின் முகத்தையோ அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.